64 பிட் எண்ணை சிஸ்டம் காலுக்குக் கொடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய சி நிரலை 32 பிட் ராஸ்பெரி பையில் ஏற்றினால் ஃபைலின் தப்பான இடத்தைப் படிக்கிறது, பிழைச் செய்தியும் வருவதில்லை. இதே சந்தேகத்தோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பேச்சு முழுக்க லினக்ஸைப் பற்றியது. நிரல் ஓஎஸ்-இன் மையமான கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்பதுதான் சிஸ்டம் கால், கீழே சுருக்கமாகக் ‘கால்’ என்பதும் அதையே.

சிஸ்டம் கால்னா சாதாரண ஃபங்ஷன் கூப்பிடுற மாதிரிதானே? ஆர்குமெண்ட் எப்படிப் போகுது?

சி நிரலில் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். ஆனால் கெர்னல் வாசலில் ஃபங்ஷன் அறிவிப்பு, டைப் எதுவும் கிடையாது. சில ரெஜிஸ்டர்களில் (பிராசஸருக்குள் எண் வைக்கும் சின்னப் பெட்டிகள்) எண்களை வைத்துவிட்டு ஒரு தனிக் கட்டளையை ஓட்டுகிறோம். அதோடு கெர்னல் பொறுப்பேற்றுக்கொள்ளும். எந்த ரெஜிஸ்டரில் எது இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பிராசஸரும் தனியாக முடிவு செய்து வைத்திருக்கிறது.

32 பிட் ஆர்மில் கால் எண் ஆர்7-இல் இருக்கும், ஆர்குமெண்ட்கள் ஆர்0-இலிருந்து வரிசையாக. பழைய 32 பிட் இன்டெல்லில் எண் ஈஏஎக்ஸில், ஆர்குமெண்ட்கள் ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ, ஈபிபி என்ற ஆறில். 64 பிட் இன்டெல்லுக்கும் ஆறு, ரிஸ்க்-ஃபைவுக்கும் ஆறு. இந்த ஆறு என்ற எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், கீழே பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

ரெஜிஸ்டர் 32 பிட்தான் இருக்கு. அதுல 64 பிட் எண் எப்படி நுழையும்?

நுழையாது. இரண்டாக வெட்டி இரண்டு ரெஜிஸ்டரில் வைக்க வேண்டும். ஃபைலுக்குள் எந்த இடம் என்று சொல்லும் ஆஃப்செட்தான் இங்கே முக்கியமான ஆள். குறியுள்ள 32 பிட் எண் 2147483647 வரைதான் போகும், அதாவது 2 ஜிபிக்கு ஒன்று குறைவு. அதைத் தாண்டிய ஃபைல்களுக்காகத்தான் ஆஃப்செட் 64 பிட் ஆனது.

ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே பயன்படுத்துகிறேன்: 5 ஜிபி, அதாவது 5368709120. இதை 4294967296-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 1073741824. ஈவுதான் மேல்பாதி, மீதிதான் கீழ்ப்பாதி. கெர்னலுக்குள் போனதும் இரண்டும் ஒட்டப்பட்டு மறுபடி 5368709120 ஆகும். நாம் வைத்த ரெஜிஸ்டரிலிருந்தே கெர்னல் எடுத்தால்தான் அந்த எண் கிடைக்கும்.

என் லேப்டாப் 64 பிட். இந்தத் தொல்லையே வரலையே, நான் ஏன் கவலைப்படணும்?

64 பிட் இன்டெல், 64 பிட் ஆர்ம் இரண்டிலும் ஒரு ரெஜிஸ்டரே 64 பிட்தான், வெட்ட வேண்டிய தேவை இல்லை. ஆனால் 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ், மிப்ஸ் சிப் உள்ள வீட்டு ரவுட்டர்கள், பழைய ஆண்ட்ராய்டு செயலிகள் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் நிரலை வேறு யாராவது அங்கே கம்பைல் செய்தால், நீங்கள் பார்க்காத இடத்தில் அது உடையும். 64 பிட் மெஷினுக்கென்றே சில தனிச் சிக்கல்களும் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

சரி, வெட்டியாச்சு. எந்தப் பாதி முதல்ல போகணும்?

மெமரியில் அந்த மெஷின் எண்ணை எந்த வரிசையில் வைக்கிறதோ, பொதுவாக ரெஜிஸ்டர் ஜோடியிலும் அதே வரிசைதான். லிட்டில் எண்டியன் என்றால் கீழ்ப்பாதி முதலில், பிக் எண்டியன் என்றால் மேல்பாதி முதலில். சாதாரண 32 பிட் ஆர்மிலும் இன்டெல்லிலும் 1073741824 முதலில் போகும், 1 அடுத்து. 32 பிட் பிக் எண்டியன் பவர்பிசியில் 1 முதலில். மிப்ஸ் இரண்டு வகையிலும் கிடைக்கிறது, எனவே ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும்.

இந்த விதியை மீறும் சில கால்கள் உண்டு. அவற்றுக்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

ஆர்ம்ல மட்டும் நடுவுல ஒரு சைபர் போடச் சொல்றாங்களே, எதுக்கு?

ஜோடி எங்கே ஆரம்பிக்கலாம் என்பதற்கு அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எந்த ஆர்குமெண்ட் எங்கே போக வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்கு ஏபிஐ என்று பெயர். ஆர்மின் இப்போதைய ஏபிஐ-யில் (ஈஏபிஐ என்பார்கள்) 64 பிட் எண் இரட்டைப்படை ரெஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும்: ஆர்0-ஆர்1, ஆர்2-ஆர்3, ஆர்4-ஆர்5. ஆர்1-ஆர்2 என்று குறுக்கே வைக்க முடியாது. 64 பிட் எண்ணை ஒரே கட்டளையில் மெமரியிலிருந்து எடுக்கும் எல்டிஆர்டி, எழுதும் எஸ்டிஆர்டி இரண்டும் ஆர்மில் இப்படிப்பட்ட ஜோடியைத்தான் எதிர்பார்க்கின்றன. ஏபிஐ-யும் அதற்கு ஏற்ப வகுக்கப்பட்டது.

ரீட்அஹெட் என்ற காலைப் பாருங்கள். ஃபைலின் ஒரு பகுதியை முன்கூட்டியே கேஷுக்குக் கொண்டுவரச் சொல்வது அது. ஃபைல் எண், ஆஃப்செட், அளவு என்று மூன்று ஆர்குமெண்ட். ஃபைல் எண் ஆர்0-இல் போகும். அடுத்து காலியாக இருப்பது ஆர்1, ஆனால் ஆஃப்செட் அங்கே தொடங்கக் கூடாது. அதனால் ஆர்1 வெறுமனே விடப்படும், ஆஃப்செட் ஆர்2-ஆர்3-இல், அளவு ஆர்4-இல். அந்த ஆர்1-ஐ நிரப்பத்தான் சைபர். எந்த எண்ணை வைத்தாலும் கெர்னல் அதைப் பார்க்காது, ஏதோ ஒன்று அந்த இடத்தை அடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிப்ஸின் ஓ32 ஏபிஐ, 32 பிட் பவர்பிசி, எக்ஸ்டென்சா ஆகியவற்றிலும் இதே விதி. பவர்பிசியில் ஆர்குமெண்ட்கள் ஆர்3-இல் ஆரம்பிக்கின்றன, ஜோடிகள் ஆர்3-ஆர்4, ஆர்5-ஆர்6 என்று ஒற்றைப்படையில் தொடங்கும். ரெஜிஸ்டரின் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், எத்தனையாவது இடம் என்று எண்ணுங்கள். 64 பிட் எண் முதல், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் மட்டும் தொடங்கலாம். 32 பிட் இன்டெல்லுக்கும் 32 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அடுத்து எது காலியோ அதிலேயே வைக்கலாம்.

சிஸ்கால் ஃபங்ஷனுக்கு லாங் லாங் எண்ணை அப்படியே கொடுத்தா கம்பைலர் பார்த்துக்காதா?

அதிகம் பேர் விழும் குழி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லாங் லாங் என்பது சி-யின் 64 பிட் எண் டைப். சிஸ்கால் என்பது எந்தக் காலையும் கூப்பிட சி லைப்ரரியில் உள்ள பொது ஃபங்ஷன். முதல் ஆர்குமெண்ட் கால் எண், அதற்குப் பின்னால் எது வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். 32 பிட் ஆர்மில் ரீட்அஹெட்டை இதன் வழியாகக் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள்: ஆஃப்செட் 1048576, அளவு 4096, இடையில் சைபர் எதுவும் போடவில்லை.

கம்பைலர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. கால் எண்ணை ஆர்0-இல் வைக்கும், ஃபைல் எண்ணை ஆர்1-இல். அடுத்து ஆர்2 இரட்டைப்படை, காலியாகவும் இருக்கிறது. எனவே 1048576 ஆர்2-இல், மேல்பாதியான சைபர் ஆர்3-இல். அளவுக்கு ரெஜிஸ்டர் மிச்சமில்லை, ஸ்டாக் என்ற மெமரிப் பகுதிக்குப் போகும். இதுவரை ஒரு தப்பும் இல்லை.

இனி சிஸ்கால் ஃபங்ஷனின் முறை. கால் எண்ணை ஆர்7-க்கு எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரு இடம் கீழே தள்ளுகிறது. ஆர்0-இல் ஃபைல் எண், ஆர்1-இல் 1048576, ஆர்2-இல் சைபர், ஆர்3-இல் 4096, ஆர்4-இல் ஸ்டாக்கில் அதற்கு அடுத்துக் கிடந்த ஏதோ ஒன்று. கம்பைலர் அழகாகச் சேர்த்த ஜோடி ஆர்1-ஆர்2-க்கு நகர்ந்துவிட்டது. கெர்னலோ ஆர்1-ஐ ஒதுக்கிவிட்டு ஆர்2-ஆர்3-ஐ ஆஃப்செட் என்று எடுக்கிறது: கீழ்ப்பாதி 0, மேல்பாதி 4096. கணக்குப் போட்டால் 17592186044416, அதாவது 16 டிபி. 1 எம்பி இடத்தைக் கேட்டீர்கள், கெர்னல் 16 டிபியில் போய்த் தேடுகிறது. ஃபைல் அங்கே இல்லை, கொண்டுவர எதுவும் இல்லை, எனவே சைபரைத் திருப்பித் தருகிறது. சைபர் என்றால் வெற்றி. நிரல் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதே என்று தோன்றுவதைத் தவிர உங்களுக்கு வேறு தடயம் கிடைக்காது.

ஃபைலில் சொன்ன ஆஃப்செட்டிலிருந்து படிக்கும் ப்ரீட்64-லும் இதே கதை, விளைவு இன்னும் மோசம். அது ஃபைல் எண், பஃபர், அளவு, ஒரு வெற்றிடம், கீழ்ப்பாதி, மேல்பாதி என்று ஆறு இடத்தையும் எடுத்துக்கொள்ளும் கால். சைபரை விட்டுவிட்டால் உங்கள் மேல்பாதி கீழ்ப்பாதியின் இடத்தில் உட்காரும், ஆறாவது இடத்தில் குப்பை. அந்தக் குப்பை தற்செயலாகச் சைபராக இருந்துவிட்டால் எங்கே கேட்டாலும் ஃபைலின் ஆரம்பத்தையே படித்துக் கொடுக்கும். டேட்டா வந்தது, பிழை வரவில்லை, ஆனால் நீங்கள் கேட்ட டேட்டா அது இல்லை.

அப்ப சரியா எப்படித்தான் எழுதுறது?

சி லைப்ரரியில் அந்த வேலைக்கு ஃபங்ஷன் இருந்தால் அதையே கூப்பிடுங்கள். ப்ரீட், எஃப்டிரங்கேட், ரீட்அஹெட், ஃபாலொகேட் எல்லாம் லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் இருக்கின்றன. ஃபைல் ஆஃப்செட்டை 64 பிட்டாக வைக்கும் மேக்ரோவையும் கம்பைல் செய்யும்போது 64 என்று அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிராசஸருக்கும் எப்படி வெட்டி எங்கே வைப்பது என்பதை லைப்ரரி எழுதியவர்கள் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்கள். மசில் என்ற இன்னொரு சி லைப்ரரியில் இதற்கு இரண்டு மேக்ரோ உண்டு: ஒன்று 64 பிட் எண்ணை வெறுமனே இரண்டாக வெட்டும், மற்றது தேவைப்படும் பிராசஸரில் முன்னால் ஒரு சைபரையும் சேர்க்கும். அந்த மூல நிரல் மிகச் சிறியது, வாசித்துப் பார்ப்பது நல்ல பாடம்.

லைப்ரரியில் இன்னும் வராத புதிய கால் என்றால் கையால் வெட்டத்தான் வேண்டும். முதலில் எண்ணைக் குறியில்லாத 64 பிட்டாக மாற்றுங்கள், பிறகு 32 இடம் வலப்பக்கம் தள்ளி மேல்பாதியை எடுங்கள். எதிர்மறை எண் வரும்போது கவனம் வேண்டும். மைனஸ் ஒன்றுக்கு இரண்டு பாதியுமே 4294967295. மேல்பாதியில் சைபரை வைத்துவிட்டால் மைனஸ் ஒன்று போய்க் கிட்டத்தட்ட 4 ஜிபி என்ற நேர்மறை எண்ணாகிவிடும், கெர்னலும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஆர்ம்ல சிங்க் ஃபைல் ரேஞ்ச் காலையே காணோமே? பின்னாடி 2 போட்டு வேற ஒண்ணு இருக்கு.

ஃபைலின் ஒரு பகுதியை வட்டில் எழுதச் சொல்லும் கால் இது. ஆறு இடம் போதவில்லை, அதுதான் காரணம். ஃபைல் எண், ஆஃப்செட், எத்தனை பைட், கொடிகள் என்பது இதன் வழக்கமான வரிசை. ஜோடி விதியைப் பின்பற்றினால் ஃபைல் எண்ணுக்கு 1, வெற்றிடத்துக்கு 1, ஆஃப்செட்டுக்கு 2, பைட் எண்ணிக்கைக்கு 2, கொடிகளுக்கு 1, ஆக மொத்தம் 7. வீணாகும் அந்த ஒரு இடத்தில் கொடிகளை உட்காரவைத்தால் ஆறில் முடிந்துவிடும். அதைத்தான் செய்தார்கள். வரிசை ஃபைல் எண், கொடிகள், ஆஃப்செட், பைட் எண்ணிக்கை என்று மாறியது. லினக்ஸ் 2.6.20-இல் ஆர்முக்கென்று தனிப் பெயரோடு வந்தது. 2.6.22-இல் பவர்பிசிக்கும் தேவைப்பட்டதால் பின்னால் 2 சேர்த்துப் பொதுப் பெயர் ஆக்கினார்கள்.

ஃபைலை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கெர்னலுக்கு முன்கூட்டிச் சொல்லும் ஃபட்வைஸ் காலுக்கும் ஆர்மில் இதே போலத் தனி வடிவம் உண்டு, அறிவுரைக் குறி இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். மிப்ஸ் ஓ32-க்கு இந்த நெருக்கடி இல்லை. அங்கே ஐந்தாவதிலிருந்து ஆர்குமெண்ட்கள் ஸ்டாக்கில் போகின்றன, ஏழாவதற்கும் இடம் இருக்கிறது.

ஃபாலொகேட்லயும் ரெண்டு 64 பிட் எண் இருக்கே, அது மட்டும் எல்லா இடத்துலயும் ஒழுங்கா ஓடுதே?

ஃபைலுக்கு வட்டில் முன்கூட்டியே இடம் ஒதுக்கும் கால் அது. 2007-இல் லினக்ஸ் 2.6.23-இல் வந்தது. ஃபைல் எண், முறை, ஆஃப்செட், நீளம் என்பது வரிசை. முதல் இரண்டும் சின்ன எண்கள், ஆளுக்கு ஓர் இடம். ஆஃப்செட் மூன்றாம் இடத்தில் தொடங்குகிறது, நீளம் ஐந்தாம் இடத்தில். வெற்றிடம் இல்லை, ஆறு இடமும் சரியாக நிரம்புகிறது. முந்தைய பதிலில் சொன்ன கால்களை வடிவமைத்தபோது விட்டதை இங்கே பிடித்துவிட்டார்கள்.

ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் ஃபேன்நோட்டிஃபை மார்க் காலிலும் 64 பிட் மாஸ்க் மூன்றாவதாகவே வருகிறது. புதிய கால் சேர்ப்பவர்களுக்கான கெர்னல் கையேடும், 64 பிட் ஆர்குமெண்ட்கள் 1, 3, 5 ஆகிய இடங்களில் வந்தால் சில பிராசஸர்களுக்கு வேலை எளிது என்று சொல்கிறது. புதிதாக ஒரு காலை வடிவமைக்கும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது ஃபாலொகேட்டின் வரிசையைத்தான்.

ப்ரீட்வி-ல கீழ்ப்பாதி முதல்ல, எல்எல்சீக்-ல மேல்பாதி முதல்ல. எதை நம்புறது?

ப்ரீட்வி ஃபைலைப் பல பஃபர்களில் படிப்பது, எல்எல்சீக் ஃபைலுக்குள் இருக்கும் இடத்தை மாற்றுவது. இரண்டும் அந்தந்தக் காலுக்குச் சரி. மேலே சொன்ன விதிமீறல்கள் இவைதான். மற்ற கால்களில் கெர்னல் ‘ஒரு 64 பிட் எண்’ என்று அறிவித்து, வெட்டும் வேலையை ஏபிஐ-யிடம் விட்டது. இந்த இரண்டிலும் ‘இரண்டு தனி எண்கள்’ என்றே அறிவித்து உள்ளே தானே ஒட்டிக்கொள்கிறது. அதனால் எண்டியனும் ஜோடி விதியும் இவற்றைத் தொடாது. எல்எல்சீக்கில் எந்த மெஷினிலும் மேல்பாதி முதலில். ப்ரீட்வி, ப்ரைட்வி இரண்டும் லினக்ஸ் 2.6.30-இல் வந்தவை, அவற்றில் எந்த மெஷினிலும் கீழ்ப்பாதி முதலில்.

ப்ரீட்வி-யில் 64 பிட் மெஷின்காரர்கள் மாட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே முதல் பாதிக்கான ரெஜிஸ்டரே 64 பிட், முழு ஆஃப்செட்டும் அதிலேயே போக வேண்டும், இரண்டாவது சும்மா. கெர்னல் மேல்பாதியை ‘லாங் (சி-யின் ஒரு எண் டைப்) அகலத்தில் பாதி’ அளவுக்கு இடப்பக்கம் தள்ளுகிறது, பிறகு மறுபடியும் அதே அளவு தள்ளுகிறது. 32 பிட் மெஷினில் 16-ம் 16-ம் சேர்ந்து 32, மேல்பாதி தன் இடத்துக்கு வந்து சேரும். 64 பிட் மெஷினில் 32-ம் 32-ம் சேர்ந்து 64, மேல்பாதி முழுவதும் வெளியே விழுந்து சைபராகிவிடும். ஒரேயடியாக 64 தள்ளினால் என்ன ஆகும் என்பதை சி மொழி வரையறுக்கவில்லை, அதனால்தான் இரண்டு தவணை. இதை அறியாமல் 64 பிட் மெஷினிலும் நீங்களே 5368709120-ஐ வெட்டிக் கொடுத்தால், அந்த 1 காணாமல் போய் 1073741824 மட்டும் மிஞ்சும். 5 ஜிபியில் படிக்கச் சொன்னது 1 ஜிபியில் படிக்கும்.

கெர்னல் 64 பிட், நிரல் 32 பிட்னா எந்த விதி?

நிரலின் விதி. 64 பிட் ஆர்ம் கெர்னலில் 32 பிட் ஆர்ம் நிரல் ஓடினால் ஆர்1-இல் சைபர் வைக்கும் பழக்கம் அப்படியே தொடரும். 32 பிட் கால்களுக்கென்று கெர்னலில் தனி உறை ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ப்ரீட்64-க்கான உறையில் நான்காவது ஆர்குமெண்டுக்கு வெற்றிடம் என்றே பெயர் கொடுத்து, அடுத்த இரண்டையும் ஒட்டி உள்ளே அனுப்புகிறார்கள்.

இந்த உறைகளை எழுதுவதில் கெர்னல்காரர்களும் தவறியிருக்கிறார்கள். 2020-இல் 32 பிட் இன்டெல்லின் கால் நுழைவை மாற்றி அமைத்தபோது ஒவ்வொரு ரெஜிஸ்டரும் ஓர் ஆர்குமெண்ட் என்ற கணக்கு வந்தது. 64 பிட் எண் வாங்கும் கால்களுக்குத் தனி உறை தேவைப்பட்டது. ஃபேன்நோட்டிஃபை மார்க்கை அந்தப் பட்டியலில் சேர்க்க விட்டுவிட்டார்கள், அது 32 பிட் இன்டெல் கெர்னலில் உடைந்தது. அதே ஆண்டு கடைசியில் திருத்தினார்கள். ஆகவே உங்கள் நிரலில் இந்தப் பிழை வந்தால் மனம் தளர வேண்டாம், தேடிக் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் கடினம்.

எக்ஸ்32, என்32-னு கலப்பு ஏபிஐ இருக்கே, அங்க வெட்டணுமா?

கூடாது. எக்ஸ்32 இன்டெல்லுக்கு, என்32 மிப்ஸுக்கு. இரண்டிலும் லாங் 32 பிட்தான், ஆனால் அடியில் இருக்கும் ரெஜிஸ்டர் 64 பிட். ஆஃப்செட் ஒரே ரெஜிஸ்டரில் முழுதாகப் போகும். லாங்கின் அளவைப் பார்த்து வெட்டலாமா என்று முடிவு செய்யும் நிரல்கள் இங்கேதான் ஏமாறுகின்றன.

64 பிட் மெஷின்ல சின்ன எண்ணைக் கொடுத்தா எந்தச் சிக்கலும் இல்லையே?

இருக்கிறது, எதிர்த்திசையில். 64 பிட் இன்டெல்லில் சிஸ்கால் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது கால் எண்ணும் ஒரு ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்கிறது, அதனால் ஆறாவது ஆர்குமெண்ட் ஸ்டாக்குக்குப் போகிறது. ஃபைலை மெமரியில் பொருத்தும் எம்மேப்புக்கு ஆறாவதாக வெறும் 0 என்று எழுதினால் கம்பைலரின் கண்ணில் அது 32 பிட் எண். ஸ்டாக்கில் 8 பைட் இடத்தில் 4 பைட்டை மட்டும் அது எழுதக்கூடும், மிச்சம் 4 பைட்டில் பழைய குப்பை அப்படியே கிடக்கும். கெர்னல் எட்டு பைட்டையும் சேர்த்து ஆஃப்செட்டாக எடுக்கும். அந்த 0-ஐ லாங் என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. பாயிண்டர் இடத்தில் வெறும் 0 எழுதுபவர்களுக்கும் இதே அறிவுரை.

இதே குடும்பத்தில் ஒரு பாதுகாப்புக் குறையே இருந்தது. 2009-இல் சிவிஇ-2009-0029 என்று பதிவானது. எஸ்390 (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்), பவர்பிசி, ஸ்பார்க்64, 64 பிட் மிப்ஸ் ஆகியவற்றில், 32 பிட் ஆர்குமெண்டின் குறியை 64 பிட்டுக்கு நீட்டித் தருவது கூப்பிடுபவரின் பொறுப்பு என்று ஏபிஐ சொன்னது. கெர்னலும் அதை நம்பியது. வேண்டுமென்றே நீட்டாமல் கொடுத்தால் கெர்னலைக் குழப்ப முடிந்தது. அதன் பிறகுதான் எல்லாக் கால்களும் ஒரு மேக்ரோ வழியாக அறிவிக்கப்பட்டு, நீட்டும் வேலையைக் கெர்னலே ஏற்றுக்கொண்டது.

நான் கோ, பைத்தான் எழுதுறவன். எனக்கு இது வருமா?

மொழியோடு வரும் ப்ரீட் போன்றவற்றைப் பயன்படுத்தும்வரை வராது. கோவில் நேரடிக் கால் ஃபங்ஷனுக்குப் போனால் அதன் ஆர்குமெண்ட்கள் ரெஜிஸ்டர் அகலத்தில் இருக்கும், 32 பிட்டில் நீங்களே வெட்டி நீங்களே சைபர் வைக்க வேண்டும். பைத்தானில் சிடைப்ஸ் வழியாக லைப்ரரியின் சிஸ்காலைக் கூப்பிட்டால், லாங் லாங் பற்றிய கேள்வியில் பார்த்த குழி அப்படியே காத்திருக்கிறது.

செக்காம்ப் ஃபில்டர்ல ஆஃப்செட்டைச் சரிபார்க்கப் பார்த்தேன், எண் ஒத்தே வரலை. ஏன்?

ஒரு நிரல் எந்தக் கால்களைக் கூப்பிடலாம் என்று வடிகட்டும் செக்காம்ப் உங்களுக்கு ஆறு 64 பிட் பெட்டிகளைக் காட்டுகிறது. அதனால் ஆஃப்செட் ஒரே பெட்டியில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 32 பிட் நிரலுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பது ஒரு ரெஜிஸ்டர் மட்டும், மேலே சைபர். ஆர்மில் ப்ரீட்64-இன் ஆஃப்செட் ஐந்தாவது பெட்டியிலும் ஆறாவதிலும் பிரிந்து கிடக்கிறது, நான்காவது வெற்றிடம். பிராசஸர் எது என்பதை ஃபில்டரில் முதலிலேயே சோதித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு நிரல் கூப்பிடும் கால்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் கருவி இதைச் சரியாகச் செய்கிறது. எந்த ஏபிஐ-யில் ஜோடி எங்கே என்று அதற்குத் தெரியும், கெர்னல் பார்க்கும் அதே எண்ணை ஒட்டிக் காட்டும். மேலே சொன்ன ரீட்அஹெட் பிழையை ஸ்ட்ரேஸில் ஓட்டினால் நீங்கள் கொடுத்த 1048576-க்குப் பதிலாக 17592186044416 என்று நிற்கும். சந்தேகம் வந்தால் நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு ஸ்ட்ரக்ட்ல போட்டு முகவரியைக் கொடுத்தா முடிஞ்சுதே?

நல்ல வழிதான், புதிய கால்கள் பல அப்படித்தான் வருகின்றன. 2019-இல் லினக்ஸ் 5.1-இல் 32 பிட் மெஷின்களுக்கு வந்த 64 பிட் நேரக் கால்கள் நேரத்தை ஸ்ட்ரக்டில் வைத்து முகவரியைத்தான் வாங்குகின்றன. 5.3-இன் க்ளோன்3, 5.6-இன் ஓப்பன்அட்2 இரண்டும் ஸ்ட்ரக்டின் அளவையும் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. எஸ்390 தன் 31 பிட் காலத்திலேயே ஃபட்வைஸ் ஆர்குமெண்ட்களை ஸ்ட்ரக்டுக்குள் போட்டுவிட்டது.

செலவும் உண்டு. கெர்னல் அந்த மெமரியைப் பத்திரமாக நகலெடுக்க வேண்டும். செக்காம்ப் ஃபில்டரால் முகவரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. ப்ரீட் போல நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் காலுக்கு ரெஜிஸ்டரே நல்லது என்பது என் கருத்து.

அப்ப ஜோடி கேக்குற பிராசஸர் பட்டியலை மனப்பாடம் பண்ணினா போதுமா?

போதாது. சூப்பர்எச் பிராசஸரில் ஜோடி விதி கிடையாது, ஆனால் ப்ரீட்64, ப்ரைட்64 இரண்டுக்கு மட்டும் அங்கே நடுவில் ஒரு வெற்றிடம் வேண்டும். பிஏ-ரிஸ்க்கில் சி ஏபிஐ ஜோடி கேட்கிறது, கால்களில் அது தெரியாதபடி கெர்னல் இடையில் ஒரு அடுக்கை வைத்து மறைத்துவிடுகிறது. மசில், ஜிலிப்சி, க்யூஎமு (வேறு பிராசஸரைப் போல நடிக்கும் மென்பொருள்) மூன்றின் மூல நிரலிலும் இந்த விதிவிலக்குகள் பெயர் பெயராக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. காலும் பிராசஸரும் சேர்ந்த ஒவ்வொரு கூட்டணிக்கும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

நான் எழுதினது சரியான்னு எப்படிச் சோதிக்கிறது?

சின்ன ஃபைலை வைத்துச் சோதிக்காதீர்கள். மேல்பாதி சைபராக இருந்தால் அதை மறந்துவிட்ட நிரலும் தேறிவிடும். இரண்டு பாதியும் சைபர் இல்லாமல், ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கும் எண் வேண்டும். நம்முடைய 5368709120 அப்படிப்பட்டது.

காலி ஃபைல் ஒன்றைத் திறந்து உங்கள் எஃப்டிரங்கேட்64-ஆல் அந்த நீளத்துக்கு நீட்டுங்கள். நடுவில் ஓட்டையாக இருக்கும் ஃபைல் என்பதால் வட்டில் இடம் பிடிக்காது. பிறகு ஃபைலின் அளவைப் பாருங்கள். 5368709120 வந்தால் சரி. 1073741824 என்றால் மேல்பாதி போகவே இல்லை. ஃபைல் ரொம்பப் பெரியது என்று பிழை வந்தால் பெரும்பாலும் பாதிகள் இடம் மாறியிருக்கின்றன, ஏனென்றால் அப்போது கெர்னலுக்குப் போகும் எண் 4611686018427387905. ஆர்மில் வெற்றிடத்தை மறந்திருந்தால் கீழ்ப்பாதியின் இடத்தில் 1 போய் உட்காரும், மேல்பாதியில் ஆர்3-இல் மிஞ்சியிருந்தது எதுவோ அது. ஆர்3 சைபராக இருந்தால் ஃபைல் அளவு சரியாக 1 பைட் என்று காட்டும்.

கையில் போர்டு இல்லையென்றால் க்யூஎமு-வின் யூசர் மோடில் 32 பிட் ஆர்ம், பிக் எண்டியன் மிப்ஸ், 32 பிட் பவர்பிசி மூன்றுக்கும் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். அந்த மோடில் பாதிகளை ஒட்டுவது க்யூஎமு, கெர்னல் அல்ல. அதனால் புதிதாக வந்த கால் என்றால் க்யூஎமு-வின் முழு மெஷின் மோடில் உண்மையான 32 பிட் கெர்னலை ஏற்றி, அதற்குள் இந்தச் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள்.